வளைகோல் வல்லார் தியான் சந்த்

1932 ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியாவின் ஒலிம்பிக் ஹொக்கிக் குழுவினர், அமெரிக்க நாட்டின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குச் செல்லும் வழியில், கொழும்பு மாநகரில் வந்திறங்கினர். கப்பல் புறப்படுமுன் இலங்கைக் குழுவினரோடு இரண்டு ஆட்டங்கள் ஆடினர். ஓர் ஆட்டத்தில் இந்தியர் பெற்ற கோல்கள் 20, மற்றதில் 21. இலங்கையர் இரண்டிலும் ஒரு கோலேனும் பெற்றிலர். மழைமேகங்கள் திரண்டு அச்சுறுத்திப் பின் விலகிப்போயின என்றும், ஆயிரக்கணக்கானோர் தோல்வியை மறந்து வந்தவர்தம் ஆட்டத்தின் அழகிலே திளைத்தனர் என்றும் அந்நாளைய பத்திரிகை எழுதிற்று. அக்காலத்தில் இலங்கை ஒலிம்பிக் விழாவுக்குத் தன் வீரரை அனுப்பத் தொடங்கியிருக்கவில்லை. டங்கன் வைற் இலண்டனில் வெள்ளிப் பதக்கம் பெற்றது 1948 இல் அன்றோ? எனவே உலகத் தரமான ஆட்டம் இன்னதென்பதைக் கொழும்பு மக்கள் தம் கண்ணாற் கண்ட அரிய நாட்களுள் அவையும் அடங்கும். அக்குழுவின் முன்னணி வரிசையில் நடுநாயகமாக நின்றவரே தியான் சந்த்.

இக்கட்டுரை எழுத நேர்ந்த காரணத்தையும் கூறிவிடுதல் நன்று. எம்மிடம் தமிழ் பயிலும் மாணாக்கன் ஒருவன், தான் விரும்பிய பெரியார் ஒருவரைப் பற்றி வரைக என்று யாம் பணித்தபொழுது, தியான் சந்தைத் தேர்ந்து நான்கு பக்கம் எழுதி வந்தான். அவர்தம் கோலினுள் காந்தம் இருக்கின்றதோ என ஐயுற்று ஒல்லாந்தர் அதனை முறித்துப் பார்த்தமை, கிட்லர் அவருக்குப் படைத்தலைமை தருவதாக ஆசை காட்டியமை, வியன்னா நகரில் நான்கு கரங்களோடு அவருக்குச் சிலை எடுத்தமை ஆகியன அதில் விரிவாக இருந்தன. பிழையற்ற தமிழ்தான். ஆயினும் அந்த மனிதர் எவ்வாறு ஆடக் கற்றார், எப்படி உண்டு வாழ்ந்தார், எங்ஙனம் இறந்தார் என்பன பற்றி ஒரு வரியேனும் இல்லை. குறை அவனுடையதன்று. உலகமே அவரை மாயவித்தைக்காரர் என்று பெயரிட்டு அழைத்துவிட்டது. வித்தைக்காரர் என்று ஒருவரைச் சொல்லிவிட்டால், அவர் பட்ட பாட்டை நினைக்க வேண்டியதில்லை. அவருக்கு நாம் ஏதேனும் கடப்பாடு உடையோம் என்ற எண்ணமும் எழுவதில்லை.

தியான் சிங் என்பது அவர்க்குப் பெற்றோர் இட்ட பெயர். 1905 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 29 ஆந் திகதி அலகாபாத்தில் ஓர் இராசபுத்திரக் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் பிரித்தானிய இந்தியப் படையிற் பணிபுரிந்தவர். படைவீரர் குடும்பம் ஓரிடத்தில் வேரூன்றுதல் அரிது. இடமாற்றங்களுக்கிடையே சிறுவனின் பள்ளிப்படிப்பு ஆறாண்டளவில் நின்றுபோயிற்று. முடிவில் குடும்பம் ஜான்சி நகரிற் குடியமர்ந்தது. இலக்குமிபாயின் பெயரால் எல்லோரும் அறிந்த அவ்வூர் பின்னாளில் இவர் பெயராலும் அறியப்படலாயிற்று. இளமையில் இவர் மனம் மற்போரிலேயே சென்றது. ஹொக்கியில் அந்நாளில் இவருக்குச் சொல்லத்தக்க ஈடுபாடு எதுவும் இருந்ததில்லை. பிறவி மேதை என்று இவரைப் புகழ்வோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

1922 இல், தம் பதினேழாம் பிறந்தநாளன்று, சாதாரணச் சிப்பாயாகப் படையிற் சேர்ந்தார். அங்கே பாலே திவாரி என்னும் சுபேதார் மேஜர் ஒருவர் ஹொக்கியிற் பெரும்பற்றுடையவராக இருந்தார். அவரே தியான் சிங்கின் கையிற் கோலைக் கொடுத்து, பந்தைக் கட்டுப்படுத்துதலையும், அதனினும் மேலாக அதனை உரிய காலத்திற் பிறருக்கு வழங்குதலையும் பயிற்றிய ஆசிரியர். பகல் முழுதும் படைப்பணி. அது முடிந்த பின்னரே பந்தை எடுக்க இயலும். மைதானத்தில் மின்விளக்கு ஏது? நிலவு எழுங்காறுங் காத்திருந்து, அதன் ஒளியிலே தனியே பந்தை உருட்டிப் பழகுவாராம். அதனாலேயே தோழர் அவரைச் சந்திரன் எனப் பொருள்படும் சந்த் என்னும் சொல்லைக் கூட்டி அழைத்தனர் என்பர். பெயர் வந்த வரலாறு எவ்வாறாயினும், உலகம் வித்தையென்று வியந்தது பல நூறு இரவுகளின் உழைப்பே.

ஹொக்கி என்னும் வளைகோற் பந்தாட்டத்தின் இயல்பைச் சிறிது அறிந்தாலன்றி இவர்தம் ஆற்றல் விளங்காது. நம் பழைய இலக்கியங்களிற் பந்தாடுவோர் பெரும்பாலும் மகளிர். கையாலடித்து எண்ணி மகிழ்வர். இதுவோ 100 யார் நீளமும் 60 யார் அகலமும் கொண்ட வெளியிலே, பக்கத்துக்குப் பதினொருவராக ஓடியாடுவது; அந்நாளில் அரைக்கு 35 நிமிடம் ஆடினர். கோலின் இடப்பக்கம் மட்டுமே தட்டையானது. அப்பக்கத்தாற் மட்டுமே பந்தைத் தொடலாம். கோல் வாயிலின் முன் 16 யார் எல்லையிட்டு வளைந்த வட்டமொன்று உண்டு. அவ்வட்டத்தினுள் நின்று அடித்த பந்து மாத்திரமே கோலாகக் கணிக்கப்படும். வாயிலோ 4 யார் அகலமுடையது. அந்நாளைய ஆட்டமுறையில் ஐவர் முன்னணியில் நிற்பர். ஓரத்தே இருவர், அவர்க்கு உட்புறம் இருவர், நடுவே ஒருவர். நடுவே நிற்பவர்க்குப் புகழ் மிகுதி; வட்டத்துக்கு அண்மையில் நிற்பதால் கோல் அடிக்கும் வாய்ப்பு அவர்க்கே பெரிது. அதனாலேயே பேராசைக்கும் அவ்விடமே உரியது. பந்து காலடிக்கு வந்தாற் பிறர்க்குக் கொடுக்க மனம் ஒருப்படாது.

தியான் சந்த் நின்றது அவ்விடத்தில். ஆயினும், பந்தை அவர் நெடுநேரம் தம்மிடம் வைத்திருப்பதில்லை என்று அவரோடு ஆடினோர் கூறினர். எதிரியின் காப்பாளர் இருவர் தம்மை நோக்கி வருமளவும் காத்திருந்து, அவர்கள் விட்டுவந்த வெற்றிடத்தில் நிற்கும் தோழனுக்கு அதனை அனுப்பிவிடுவார். இது கண்ணின் வேலை, மனத்தின் வேலை. கோலினுள் காந்தத்தைத் தேடுவோர் தேடவேண்டிய இடம் அதுவன்று.

படைப்பிரிவுகளுக்கிடையே நிகழ்ந்த போட்டிகளிலேயே அவர் பெயர் முதலிற் பரவியது. ஜீலம் நகரில் ஓர் இறுதியாட்டத்தில் அவர் குழு இரண்டு கோல்கள் பின்தங்கி நின்றது. எஞ்சியிருந்தவை நான்கே நிமிடங்கள். படைத்தலைவர் ஓரத்தில் நின்று ஏதேனும் செய்யுமாறு கூவினார். அந்நான்கு நிமிடங்களுள் தியான் சந்த் மூன்று கோல் அடித்து வென்றார். வித்தைக்காரர் என்னும் பட்டம் அன்றே தோன்றியதாகச் சொல்வர். 1926 இல் இந்தியப் படைக்குழு நியூசிலாந்து சென்றபொழுது இவரும் சென்றார். 21 ஆட்டங்களில் 18 வெற்றி, 2 சமநிலை, ஒரேயொரு தோல்வி. திரும்பி வந்ததும் அவருக்கு லான்ஸ் நாயக் என்னும் பதவி கிடைத்தது. சிப்பாயினும் ஒருபடி உயர்ந்தது, அவ்வளவே.

1928 ஆம் ஆண்டு இந்தியா முதன்முறையாக ஒலிம்பிக் ஹொக்கிக்குக் குழு அனுப்பியது. பம்பாய்த் துறைமுகத்தில் அவர்களை வழியனுப்ப வந்தோர் மூவர் மட்டுமே. அம்மூவருள்ளும் இருவர் ஹொக்கிச் சங்கத்தின் பொறுப்பாளர், ஒருவர் பத்திரிகையாளர். அம்ஸ்ரடாமில் ஐந்து ஆட்டங்களில் இந்தியா 29 கோல்கள் பெற்றது, ஒன்றையும் இழக்கவில்லை. அவற்றுள் 14 கோல்கள் தியான் சந்தின் கோலிலிருந்து வந்தவை. இறுதியாட்டத்தன்று குழுவிற் சிலர் நோயுற்றனர். தியான் சந்துக்கும் உடல்நலமில்லை. ஒல்லாந்து நாட்டவரைத் தம் சொந்த மண்ணிலே 3-0 என்று வென்று பொற்பதக்கம் பெற்றனர். பெரிய பிரித்தானியா அவ்வாண்டு ஹொக்கிக்குக் குழு அனுப்பவில்லை. 1932 இலும் 1936 இலும் அனுப்பவில்லை. ஆளப்படும் நாட்டாரிடம் ஆளும் நாட்டார் தோற்க அஞ்சினர் என்று கருதுவோர் பலர். குழு மீண்டு பம்பாய் வந்தபொழுது துறைமுகத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்தனர்.

ஆயின் அக்கூட்டம் கலைந்த பின், தியான் சந்த் சென்றது படைவீடு. 1932 ஒலிம்பிக்குக்கு வீரரைத் தெரிவு செய்ய மாகாணங்களுக்கிடையே போட்டி நடைபெற்றது. அதில் ஆடுதற்கு அவருக்கு விடுமுறை தரப் படைப்பிரிவினர் மறுத்துவிட்டனர். உலகத்தின் முதல் முன்னணி ஆட்டக்காரர் தெரிவுப் போட்டிக்கு வரவியலாது காவற்பணியில் நின்றார்! ஹொக்கிச் சங்கத்தார் வேறு வழியின்றி, தெரிவின்றியே அவரைக் குழுவிற் சேர்த்தனர். அக்காலத்திலேயே கனடாவிலும் அமெரிக்காவிலும் பனித்தரையில் ஆடும் ஹொக்கியாளர் கழகங்களிடம் ஊதியம் பெற்று ஆடினர். 1917 இல் அவர்தம் தொழில்முறைச் சங்கம் நிறுவப்பட்டிருந்தது. தியான் சந்துக்கு ஆட்டம் புகழைத் தந்தது; ஊதியம் தரவில்லை. ஊணும் உடையும் படைப்பணி தந்தவை. ஒலிம்பிக் விதியும் ஊதியத்துக்கு ஆடுவோரை அந்நாளில் ஏற்பதில்லை.

கொழும்பில் அவர்கள் ஆடியது அப்பயணத்திலேதான். இங்கிருந்து கடல்வழி சென்று, சூலை 6 ஆந் திகதி சான்பிரான்சிஸ்கோ அடைந்தனர். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஹொக்கிக்கு வந்திருந்த நாடுகள் இந்தியா, யப்பான், அமெரிக்கா ஆகிய மூன்றே. யப்பானை 11-1 என்றும் அமெரிக்காவை 24-1 என்றும் இந்தியா வென்றது. அமெரிக்காவுடனான ஆட்டத்தில் தியான் சந்த் 8 கோலும், அவர்தம் இளவல் ரூப் சிங் 10 கோலும் அடித்தனர். பெற்ற 35 கோல்களுள் 25 அவ்விருவருடையவை. இவ்வெண்களை மேடைதோறும் முழக்குவாரை யாம் கேட்டிருக்கின்றோம். உண்மை உரைப்பின், 24-1 என்பதில் எமக்குப் பெருவியப்பில்லை. ஆட்டம் புதிதாகக் கற்றவரை வென்றது அது. கொழும்பில் நம்மவரை 21-0 என்று வென்றதும் அத்தகையதே. ஒருவன் திறம் ஒத்தாரோடு பொருதும்பொழுதே புலப்படும்.

அத்தகையதொரு பொழுதை அவரே சுட்டிக் காட்டியிருக்கின்றார். தம் வாழ்நாளில் ஆடிய ஆட்டங்களுட் சிறந்தது எதுவென்று எண்ணியபொழுது, ஒலிம்பிக் ஆட்டம் எதனையும் அவர் எடுக்கவில்லை. 1933 இல் கல்கத்தாவில் நிகழ்ந்த பெய்ற்றன் கிண்ண இறுதியாட்டத்தையே எடுத்துரைத்தார். எதிர்நின்றோர் கல்கத்தாச் சுங்கத் திணைக்களத்தார். ஒலிம்பிக்கில் ஆடியவர் உட்படப் பெயர்பெற்ற பலரைக் கொண்ட பெருங்குழு அது. தியான் சந்த் கொணர்ந்ததோ, ஜான்சி ஹீரோஸ் என்னும் தம் ஊர்க் குழு. தம்பி ரூப் சிங்கையும், பம்பாயிற் புகையிரதக் குழுவுக்கு ஆடிய இசுமாயிலையும் நீக்கினால், மற்றையோர் பெயரறியா இளைஞர்.

ஆட்டம் தொடங்கியதிலிருந்து சுங்கத்தார் நெருக்கினர். பந்து பெரும்பாலும் ஜான்சியின் பக்கத்திலேயே கிடந்தது. எந்த நொடியிலும் கோல் விழும் என்பது போன்ற நிலை. ஆயினும் இளைஞர் தளராது காத்தனர். ஒருமுறை பந்து மைதான நடுவிலே தியான் சந்திடம் வந்தது. அவர் நிமிர்ந்து நோக்கினார். தாமே அதனைக் கொண்டு ஓடவில்லை; ஓரத்தே நின்ற இசுமாயிலுக்கு நெடுந்தூரம் அடித்து அனுப்பினார். இசுமாயில் அரை மைதானத்தை ஒரே ஓட்டமாகக் கடந்தார். சுங்கத்தாரின் காப்பாளர் ஒருவருக்கும் கோற்காவலருக்கும் இடையே, பந்தை யார் எடுப்பதென்னும் தடுமாற்றம் நேர்ந்தது. அந்த இடைவெளியிற் புகுந்து இசுமாயில் கோல் அடித்தார். அவ்வாட்டத்தின் ஒரே கோல் அதுவே. கிண்ணம் ஜான்சிக்கு வந்தது.

நூற்றுக்கணக்கான கோல்களை அடித்த ஒருவர், தாம் ஒரு கோலும் அடியாத ஆட்டத்தைத் தம் வாழ்வின் சிறந்த ஆட்டமெனத் தேர்ந்தார் என்பதைக் கவனித்தல் வேண்டும். எம் மாணாக்கன் நான்கு பக்கத்தில் எழுதாது விட்டது இதுவே. தியான் சந்த் தம்மைப் பற்றித் தாமே கொண்டிருந்த மதிப்பு இதில் அடங்கியிருக்கின்றது.

1935 இல் குழு மீண்டும் நியூசிலாந்து சென்றது. தலைவராக ஏற்க வேண்டியிருந்த சிற்றரசர் ஒருவர் பயணத்துக்கு இசையாமையால் தலைமை தியான் சந்துக்கு வந்தது. திறமை மட்டுமே அளவாயின் அது முன்னமே வந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். இந்தியா, இலங்கை, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் ஆடிய 48 ஆட்டங்களிலும் வெற்றி. மொத்தம் 584 கோல்கள். அவற்றுள் 201 தியான் சந்தினுடையவை. அடிலெய்ட் நகரில் கிரிக்கெட் வல்லார் பிராட்மனை அவர் கண்டதும் அப்பயணத்திலேதான்.

அடுத்த ஆண்டு பேர்லின். இம்முறையும் தெரிவுப் போட்டிக்கு விடுமுறை கிடைக்கவில்லை, இம்முறையும் தெரிவின்றியே எடுக்கப்பட்டார், ஆனால் தலைவராக. புறப்படுமுன் தில்லிக் குழுவொன்றிடம் 4-1 என்று தோற்றனர். பேர்லின் சேர்ந்த பின் சூலை 17 ஆந் திகதி ஜேர்மனியரோடு ஆடிய பயிற்சி ஆட்டத்திலும் 4-1 என்றே தோற்றனர். எட்டாண்டுப் புகழ் ஒருநாளில் அழியுமோ என்னும் அச்சம் தலைவரை வாட்டியது. உறக்கமின்றித் துன்புற்றார். முன்னணி வரிசையைச் செப்பஞ் செய்யத் தாரா என்னும் வீரரை உடனே அனுப்புமாறு தாயகத்துக்குச் செய்தி போயிற்று. வானூர்தியில் வந்த அவர் அரையிறுதி ஆட்டத்துக்குத்தான் வந்து சேர முடிந்தது. இதற்கிடையில் ஹங்கேரி, அமெரிக்கா, யப்பான் ஆகியவற்றை இந்தியா வென்றது. அரையிறுதியில் பிரான்சை 10-0 என்று வென்றது. இறுதியில் எதிர்நின்றது ஜேர்மனி.

ஓகஸ்ற் 14 ஆந் திகதி நிகழவேண்டிய ஆட்டம், பெருமழையால் மறுநாளுக்குத் தள்ளப்பட்டது. தோல்வியின் நினைவு வீரர்தம் நெஞ்சை விட்டகலவில்லை. ஆடைமாற்றும் அறையில், குழுவோடு சென்றிருந்த பங்கஜ் குப்தா காங்கிரசின் மூவண்ணக் கொடியை எடுத்து விரித்தார். வீரர் யாவரும் அதற்கு வணக்கஞ் செலுத்தினர். அவர்கள் ஒலிம்பிக் அணிவகுப்பில் ஏந்திய கொடி அதுவன்று. பிரித்தானிய இந்தியாவின் கொடி. தியான் சந்தோ பிரித்தானியப் படையின் ஊழியர். மேலதிகாரிகள் அறிந்திருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணுதல் வேண்டும். அன்று திகதி ஓகஸ்ற் 15. பதினோராண்டு கழித்து அதே திகதியில் அக்கொடியின் வழிவந்த கொடி தில்லியில் ஏறியது.

மைதானம் ஈரமாயிருந்தது. முற்பகுதியில் இந்தியர் ஒரேயொரு கோல் பெற்றனர். இடைவேளையின் பின் தியான் சந்த் ஆணியடித்த பாதணியையும் காலுறையையும் நீக்கிவிட்டு, விரைந்து ஓடுதற்கு வசதியாக வெறுங்காலோடு ஆடினார் என்றும், றப்பர் அடியுள்ள இலேசான காலணி அணிந்தார் என்றும் இருவகையாகக் கூறுவர். எதுவாயினும் பிற்பகுதியில் ஆட்டத்தின் போக்கே மாறியது. ஜேர்மனியர் முரட்டுத்தனமாக ஆடத் தலைப்பட்டனர். கோற்காவலரோடு மோதித் தியான் சந்துக்குப் பல்லொன்று உடைந்தது. மருந்திட்டு மீண்டும் வந்தார். ஆட்டம் முடிந்தபொழுது இந்தியா 8, ஜேர்மனி 1. அவ்விழாவில் இந்தியாவுக்கு எதிராக விழுந்த கோல் அவ்வொன்றே. நான்கு வாரத்துக்கு முன் 4-1 என்று வென்ற அதே குழுவை அதே நகரில் வென்றமையால், 24-1 என்பதிலும் இந்த 8-1 என்பதே எம் மதிப்பில் உயர்ந்தது. மூன்று ஒலிம்பிக், மூன்று பொற்பதக்கம். ஆடிய ஆட்டம் பன்னிரண்டு, அனைத்திலும் வெற்றி.

கிட்லரைப் பற்றிய கதை இவ்விடத்திலேயே வந்து ஒட்டிக்கொண்டது. ஆட்டம் முடிந்த பின் அவர் தியான் சந்தை அழைத்து, ஜேர்மனியப் படையில் உயர்பதவி தருவதாகக் கூறினார் என்பது கதை. சொல்வோர் வாய்தோறும் பதவியின் பெயர் மாறுகின்றது. வியன்னாவின் நாற்கரச் சிலையை நேரிற் கண்டு சொன்னவர் எவரும் எமக்கு எதிர்ப்படவில்லை. பெரியோரைச் சூழ்ந்து இத்தகைய கதைகள் வளர்தல் நம் புலவர் வரலாறுகளிலும் காண்பதே. அவற்றை முற்றும் இகழ வேண்டுவதில்லை. மக்களின் அன்பு அங்ஙனம் உருப்பெறுகின்றது. ஆயின் கதை உண்மையின் இருக்கையைப் பறித்துக்கொள்ளலாகாது. கிட்லர் பதவி தந்தாரோ இலரோ, தியான் சந்த் பேர்லினிலிருந்து மீண்டு தம் படைவீட்டுக்கே சென்றார் என்பது உறுதி.

அதன்பின் போர் மூண்டது. 1940 இலும் 1944 இலும் ஒலிம்பிக் விழா நிகழவில்லை. ஆட்டக்காரர் ஒருவரின் முதிர்ந்த ஆண்டுகள் அங்ஙனம் கழிந்தன. 1947 இன் இறுதியில் கிழக்கு ஆபிரிக்காவில் வாழ்ந்த இந்தியர் ஒரு குழுவை அழைத்தனர். தியான் சந்த் வந்தாலன்றி அழைப்பில்லை என்று நிபந்தனையும் இட்டனர். நாற்பது கடந்த வயதிற் சென்று ஆடினார். அக்குழுவில் இளைஞராகிய கே. டி. சிங் பாபுவும் இருந்தார். 1952 இல் ஹெல்சிங்கியில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். ஓர் ஆட்டத்திற் பாபுவுக்குப் பந்தை வழங்கிய கணமே தியான் சந்த் முதுகைக் காட்டித் திரும்பி நடந்தாராம். பாபு கோல் அடித்தாரா இல்லையா என்று பார்க்கவுமில்லை. ஏன் என்று பின்னர் வினவப்பட்டபொழுது, அத்தகைய பந்தைப் பெற்றும் கோல் அடிக்க இயலாதவர் தம் குழுவில் இருக்கத் தகுதியற்றவர் என்ற கருத்துப்பட விடையிறுத்தாராம். இதனைச் செருக்கென்பாரும் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. தம் பகுதி வேலையைப் பழுதறச் செய்தவர்க்கு வரும் அமைதி அது.

1952 இல் அவர் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். அந்நூலை வெளியிட்டது சென்னையிலிருந்து வந்த ஸ்போட் அண்ட் பாஸ்ரைம் என்னும் விளையாட்டு இதழின் நிறுவனம் என்பது தமிழர் நினைவிற் கொள்ளத்தக்கது. நூலின் பெயர் கோல். அந்நூலைப் படித்தோர் தற்புகழ்ச்சியை அதில் தேடிக் காணார். 1956 இல் மேஜர் பதவியோடு படையினின்றும் ஓய்வு பெற்றார். அவ்வாண்டே இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது. பின்னர்ப் பட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிலையத்தில் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். அதன்பின் ஜான்சிக்கே வந்து ஓய்வூதியத்தில் வாழ்ந்தார். அப்பிற்கால ஆண்டுகளில் வறுமை அவரை விட்டகலவில்லை.

அவர் மைந்தருள் அசோக் குமார் தந்தையைப் போன்றே முன்னணி ஆட்டக்காரரானார். 1975 மார்ச் மாதத்தில் கோலாலம்பூரில் நிகழ்ந்த உலகக் கிண்ண இறுதியில் பாகிஸ்தானை இந்தியா 2-1 என்று வென்றபொழுது, வெற்றிக் கோல் அசோக் குமாருடையது. அடுத்த ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கில் ஹொக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. இயற்கைப் புல்லிற் பந்தை அணைத்து நெளித்துச் செல்லும் நுட்பம் அங்கே செல்லவில்லை. வேகமும் உடல்வலியும் முன்னின்றன. இந்தியா ஏழாமிடம் பெற்றது. 1928 முதல் பதக்கமின்றி ஒருமுறையேனும் மீளாத நாடு முதன்முறையாக வெறுங்கையோடு மீண்டது. அதனைக் காணவும் தியான் சந்த் உயிரோடிருந்தார். 1977 இறுதியில் தம்பி ரூப் சிங்கும் மறைந்தார்.

இன்று அவர் பெயர் எங்கும் விளங்குகின்றது. 1980 இல் அஞ்சல் முத்திரை வெளிவந்தது. தில்லியின் தேசிய மைதானம் அவர் பெயரைத் தாங்குகின்றது. அவர் பிறந்த ஓகஸ்ற் 29 இந்தியாவின் தேசிய விளையாட்டு நாள். 2021 இல் நாட்டின் தலையாய விளையாட்டு விருதுக்கும் அவர் பெயரை இட்டனர். இவையாவும் அவர் கண்மூடிய பின்னர் வந்தவை. மொஸ்கோ ஒலிம்பிக்கில் தமிழகத்து வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா மீண்டும் பொற்பதக்கம் பெற்றது 1980 இல். அவர் இறந்து எட்டு மாதம் கழிந்திருந்தது.

1979 இன் இறுதியில் ஈரலிற் புற்றுநோய் கண்டு தில்லி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். அங்கே அவருக்குக் கிடைத்தது பொதுநோயாளர் கூடத்தில் ஒரு கட்டில். இருபக்கமும் பெயரறியா நோயாளர் படுத்திருக்க, மூன்று ஒலிம்பிக் பொற்பதக்கம் வென்றவர் தம் இறுதி நாட்களைக் கழித்தார். டிசம்பர் 3 ஆந் திகதி உயிர் நீத்தார். உடல் ஜான்சிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஜான்சி ஹீரோஸ் குழுவின் மைதானத்திலேயே அவரை எரியூட்ட வேண்டுமென்று ஊரவர் விரும்பினர். மைதானத்திற் சிதையடுக்க முதலில் அனுமதி கிடைக்கவில்லை, பின்னர்க் கிடைத்தது. பஞ்சாப் படைப்பிரிவினர் வந்து படைமரியாதை செய்தனர். ரூப் சிங்கோடும் இசுமாயிலோடும் அவர் ஆடிய குழுவின் அந்தத் தரையிலேயே அவருடலுக்கு எரியூட்டினர்.